அக்டோபர் 2: தீர்மானப் புத்தகத்தில் நம் பிள்ளைகளை ஏற்றுவோம்!

தோழர்களே! அக்டோபர் 2 வருகிறது. கிராம சபை கூடுகிறது. அடுத்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வேலைகளை எடுக்கப்போகும் சபை இது. இதை விட்டால் இன்னொரு வருசம் போச்சு!

சூலூர் ஒன்றியத்துத் தோழரே, வாருங்கள்! அன்னூர் ஒன்றியத்துத் தோழரே, வாருங்கள்! பல்லடத்துத் தறிக்குடோனில் நைட் ஷிப்டு முடித்தவரே, நேரே சபைக்கு வாருங்கள்!

அங்கே என்ன நடக்கிறது? நூறுநாள் வேலை ஆட்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். வாசிக்கிறார்கள். கலைகிறார்கள். ரோடு உண்டு. சாக்கடை உண்டு. அங்கன்வாடிக்குக் கழிப்பறை? பேச்சில்லை. பள்ளிக்குச் சுற்றுச்சுவர்? பேச்சில்லை. அப்பனும் ஆத்தாளும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், பள்ளி விட்ட பிள்ளை இருட்டும்வரை எங்கே இருக்கும்? வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா? கேட்க நாதியில்லை!

பிள்ளைகளுக்கு ஓட்டில்லை. சபையில் கை தூக்க முடியாது. நாம்தான் தூக்க வேண்டும்.

2025 ஜூனில் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், வீட்டு முன்னால் விளையாடிய சிறுமியைச் சிறுத்தை கவ்விச் சென்றது. ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். தெருவிளக்கு பற்றி, புதர் வெட்டுவது பற்றி அப்புறம்தான் வாய் திறந்தோம். பிள்ளை போன அப்புறம்!

ஒன்றிய அரசின் பட்ஜெட்டில் 2008-09 முதல் குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு உண்டு. நம் ஊராட்சிக் கணக்கில் ஒரு வரி உண்டா? அரசமைப்பின் 11-ஆவது அட்டவணையில் தொடக்கக் கல்வி இருக்கிறது, குழந்தைகள் நலமும் இருக்கிறது. கேட்டோமா?

2025 ஜனவரி 5-ஓடு நம் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்தது, கணக்கு தனி அலுவலர் கைக்குப் போனது. அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். சபை நம்முடையது!

காசில்லை என்பார்கள். நம்பாதீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாகக் காற்றாலையே நிறுத்தியது. நம் ஊராட்சியில் ஒரு கழிப்பறை கட்ட முடியாதா?

501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். அந்த நூறில் நீங்கள் இருப்பீர்களா?

முந்தின நாளே பிள்ளைகளைக் கூட்டிக் கேளுங்கள். தாளவாடி தாண்டினால் கர்நாடகம். அங்கே குழந்தைகளுக்கென்றே தனி கிராம சபை நடக்கிறது. நம் பிள்ளைகள் சொன்னதை எழுதி வாருங்கள். எழுந்து வாசியுங்கள். மைக்கைப் பிடுங்கினால் இன்னும் உரக்க வாசியுங்கள். வேலையும் தொகையும் எழுதாத தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கைக்கு வரும்வரை ஒருவரும் இடத்தை விட்டு நகராதீர்கள், தோழர்களே!