நகைக்கடைத் தர்மமும் கம்பாத்தின் தூசியும்

தலைநகர் தில்லியின் கைவினைப் பொருள் சந்தைகளுக்குச் செல்வோர் ஒரு புதிய வழக்கத்தைக் கவனித்திருக்கக்கூடும். 1994-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தில்லி ஹாட் ஆனாலும், ஆண்டுதோறும் பிப்ரவரியில் அருகிலுள்ள சூரஜ்குண்டில் கூடும் கைவினைத் திருவிழா ஆனாலும், சிறிய நகைக்கடைகள் சிலவற்றில் மாலையோடும் தோட்டோடும் ஓர் அட்டையும் தொங்குகிறது. இந்த நகையின் லாபத்தில் ஒரு பகுதி பெண் குழந்தைகளின் கல்விக்கோ, புற்றுநோயாளிகளின் சிகிச்சைக்கோ, ஆதரவற்றோர் இல்லத்துக்கோ செல்கிறது என்பது அந்த அட்டை தரும் செய்தி.

இத்தகைய கடைகளை நடத்துவோரில் பலர் சொற்ப முதலீட்டில் தொழில் தொடங்கிய பெண்கள். தங்கமும் வைரமும் இவர்களுக்கு எட்டாதவை. வெள்ளிக் கம்பியில் கோத்த கல்மணிகளும், பித்தளை வேலைப்பாடுகளும், கண்ணாடி வளையல்களுமே இவர்களது சரக்கு. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களைத்தான் கட்டாயப்படுத்துகிறது. சிறு வணிகருக்கு அப்படிப்பட்ட கடமை ஏதும் இல்லை. சட்டம் கேட்காமலேயே கொடுக்க முன்வருவது பாராட்டத்தக்கது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், பாராட்டோடு நின்றுவிட முடியாது. அட்டையில் குறிப்பிடப்படும் அந்தப் பணம் எவ்வளவு, அது எங்கே போகிறது என்பது முதல் கேள்வி. அது எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியையாவது ஒருசிலர் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்போர் அரிது.

முதல் கேள்வியை ஓர் எளிய கணக்கின் மூலம் பார்க்கலாம். ஒரு மாலையின் விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கல், வெள்ளி, கூலி, கடை வாடகை, போக்குவரத்து அனைத்தும் போகக் கடைக்காரருக்கு 150 ரூபாய் மிஞ்சுகிறது என்றும், லாபத்தில் 10 சதவீதம் தர்மத்துக்கு என்று அவர் அறிவித்திருக்கிறார் என்றும் கொள்வோம். அறக்கட்டளைக்குப் போய்ச் சேருவது 15 ரூபாய். கடைக்காரர் வரிப் பதிவு பெற்றவராக இருந்தால், நகைக்கு விதிக்கப்படும் 3 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியாக அதே மாலைக்கு வாங்குபவர் 30 ரூபாய் செலுத்துகிறார். ஆதரவற்ற குழந்தைக்குக் கிடைப்பதைப்போல இரு மடங்கு அரசு கஜானாவுக்குச் செல்கிறது. லாபத்தில் என்பதற்குப் பதிலாக விற்பனை விலையில் 5 சதவீதம் என்று அறிவித்திருந்தால், 50 ரூபாய் சேர்ந்திருக்கும். "லாபத்தில் ஒரு பகுதி" என்ற சொற்றொடர் காதுக்கு இனிமையானது. ஆனால், அந்தப் பகுதி எவ்வளவு என்பதையும் லாபம் எது என்பதையும் தீர்மானிப்பவர் கடைக்காரர் ஒருவரே.

வாங்குபவர் தருவது நன்கொடை அல்ல, விலை. எனவே, அதற்கான ரசீதோ வருமான வரிச் சலுகையோ அவருக்கு இல்லை. அறக்கட்டளை தரும் ரசீது கடைக்காரரின் பெயரில்தான் இருக்கும். அந்த ரசீதை வாடிக்கையாளர் பார்வைக்கு வைப்பதுதான் நேர்மைக்கு அடையாளம். ஆதாரமற்ற விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2022 ஜூனில் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகளும் இருக்கின்றன. தர்மத்தின் பெயரால் செய்யப்படும் விளம்பரமும் விளம்பரமே என்பதை வணிகர்கள் உணர வேண்டும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. அதற்கு விடை தேட, தில்லியிலிருந்து குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்திலுள்ள கம்பாத் நகரத்துக்குச் செல்ல வேண்டும். சந்தைகளில் விற்கும் அகேட் கல்மணிகளுக்கும் செந்நிறச் சூதுபவள மணிகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர் அது. அருகிலுள்ள லோத்தலில் சிந்துவெளி நாகரிக காலத்து மணிப் பட்டறையே அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலும் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. நமது கீழடியில் கிடைத்த சூதுபவள மணிகளின் கல்கூட குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறுபடாமல் வரும் கைத்தொழில்கள் உலகில் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

பரூச் மாவட்டத்தின் ரத்தன்பூர் பகுதியில் தோண்டியெடுக்கப்படும் கல், கம்பாத்துக்கு வருகிறது. அதை வெயிலில் காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். கல்லிலுள்ள இரும்புச் சத்தால் நிறம் சிவக்கிறது. இரும்பு முளையின்மீது கல்லைப் பொருத்தி, எருமைக் கொம்பாலான சுத்தியால் தட்டிச் செதுக்குகிறார்கள். இதுவரை பெரிய ஆபத்தில்லை. அடுத்து, மின்விசையில் சுழலும் சாணைச் சக்கரத்தில் கல்லைத் தேய்க்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. அகேட் கல்லின் பெரும்பகுதி சிலிக்கா. தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாக அது எழுந்து நுரையீரலில் படிகிறது. அதனால் உண்டாகும் நோய் சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நுரையீரல் நாளடைவில் இறுகி, மூச்சு விடுவதே பெரும் பாடாகிறது. காசநோய் தொற்றும் அபாயமும் கூடுகிறது. நோயாளி செய்த தொழில் என்னவென்று விசாரிக்காத மருத்துவர், காசநோய் என்றே முடிவு கட்டி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு.

இந்தச் சாணைகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் சுழல்வதில்லை. வீடுகளிலும் வீட்டையொட்டிய கொட்டகைகளிலும் சுழல்கின்றன. கல்லைத் தேய்ப்பவரோடு, பக்கத்தில் அடுப்பெரிக்கும் மனைவியும் விளையாடும் குழந்தையும் அதே தூசியைச் சுவாசிக்கிறார்கள். அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இந்தத் தொழிலாளர்களின் நிலையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவியையும் வடிவமைத்துத் தந்திருக்கிறது. ஆனால், கருவி இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்குவதற்கும் மின்கட்டணம் கட்டுவதற்கும், எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் பணம் இருக்க வேண்டும்.

சட்டம் இவர்களைக் காக்காதா என்று கேட்கலாம். சட்டம் முதலாளி யார் என்று தேடுகிறது. கம்பாத்தில் முதலாளி தெரிவதில்லை. வியாபாரி கல்லைக் கொடுக்கிறார், மணியை வாங்கிக் கொள்கிறார். அவரும் தம்மை முதலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. முதலாளி இருந்த இடத்திலேயே நீதி எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு வழக்கு சான்று. குஜராத்தின் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை பார்த்துச் சிலிக்கோசிஸால் மாண்ட மத்தியப் பிரதேசப் பழங்குடித் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது 2016 மே மாதத்தில். அந்தப் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டதோ 2006-இல். ஆலையும் உரிமையாளரும் இருந்த இடத்திலேயே பத்தாண்டு என்றால், வீட்டுத் திண்ணையில் சாணை சுழற்றுபவர் யாரிடம் போய் முறையிடுவார்?

வீட்டிலிருந்தே தொழில் செய்வோரைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1996-இல் நிறைவேறியது. அதற்காகப் போராடியதில், இலா பட் 1972-இல் அகமதாபாதில் நிறுவிய சேவா அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை என்பது வேதனைக்குரிய முரண். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று பணியிடப் பாதுகாப்பைப் பற்றியது. பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களுக்கே அது பொருந்தும் என்றாலும், உயிருக்கு ஆபத்தான தொழில் நடக்கும் இடத்தில் அதைவிடக் குறைவானவர்கள் இருந்தாலும் அரசு அறிவிக்கை வாயிலாக அதன்கீழ் கொண்டுவர முடியும். கல் தேய்க்கும் கொட்டகைகளைவிட இந்த அறிவிக்கைக்குத் தகுதியான இடம் வேறு எது?

தங்கத்தின் மாற்றைக் காக்க மத்திய அரசு காட்டும் அக்கறையை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தம். 2021 ஜூனில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து எண் கொண்ட தனி அடையாளம் இல்லாத நகையைக் கடைகள் விற்க முடியாது என்றானது. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நகைக்கும் ஓர் எண் தர முடிகிறது. அப்படியானால், மணியைத் தேய்த்தவரின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்-ரே எடுத்துப் பதிவு செய்வது முடியாத காரியமா?

சிறு வணிகர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கூலியை உயர்த்தினால் மணியின் விலை உயரும். வாடிக்கையாளர் இயந்திரத்தில் செய்த மலிவான மணியைத் தேடிப் போவார். கடையும் மூடும், தர்மமும் நிற்கும் என்கிறார்கள். இது முற்றிலும் பொய்யான அச்சம் அல்ல. ஆனால், அட்டையைப் படித்துவிட்டு விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வாங்குபவர்தானே இக்கடைகளின் வாடிக்கையாளர்? முகம் தெரியாத குழந்தையின் படிப்புக்காக 50 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர், தாம் அணியும் மணியைச் செய்தவரின் மூச்சுக்காகக் கொடுக்க மாட்டார் என்று முடிவு கட்டுவது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அவரிடம் இதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை என்பதே உண்மை.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று ஒரு பழமொழி உண்டு. செய்தவருக்குச் சேர வேண்டிய கூலியைக் குறைத்து, அப்படி மிஞ்சிய லாபத்தில் ஒரு பகுதியை ஊருக்குத் தர்மம் செய்வது அந்த வகையைச் சேர்ந்ததே. கொடுப்பவரின் மனம் நல்லதாக இருக்கலாம். தேங்காய் அவருடையது அல்ல.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தர்ம நோக்கோடு நகை வணிகம் நடத்துவோர், லாபத்தில் ஒரு பகுதி என்ற மழுப்பலைக் கைவிட்டு, நகை ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று அச்சிட வேண்டும். கொடுத்த தொகைக்கான ரசீதை ஆண்டுதோறும் கடையிலேயே வைக்க வேண்டும். மணியை யாரிடம், எந்த ஊரில் வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். தர்மப் பணத்தின் முதல் தவணை தூசி உறிஞ்சும் கருவிக்கும் தொழிலாளியின் மார்பு எக்ஸ்-ரேவுக்கும் போகட்டும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அதற்கடுத்த வரிசையில் வரட்டும். அந்தத் தொழிலாளியின் பிள்ளையும் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைதானே!

அரசின் பொறுப்பு இதைவிடப் பெரிது. கைவினைஞர்களுக்கு மத்திய ஜவுளி அமைச்சகம் "பெஹ்சான்" அடையாள அட்டை வழங்கி வருகிறது. கல் தேய்க்கும் தொழிலாளர்கள் அனைவரையும் அதில் சேர்த்து, அதனுடன் கட்டாய மருத்துவப் பரிசோதனையை இணைக்கலாம். கற்சுரங்கங்களும் சிற்பக் கூடங்களும் நிறைந்த ராஜஸ்தான் மாநிலம், சிலிக்கோசிஸுக்கென 2019-இல் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் உறுதியானதும் 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம் ரூபாயும் அதில் வகை செய்யப்பட்டன. நோயாளி உயிரோடு இருக்கும்போதே உதவி சென்றடைய வேண்டும் என்ற அந்தக் கோட்பாட்டைக் கல்லும் தூசியும் உள்ள எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும். சாவுக்குப் பிறகு தரும் காசோலை மருத்துவம் ஆகாது.

நகை வாங்குவோருக்கும் ஒரு கடமை இருக்கிறது. தங்கம் வாங்கும்போது மாற்றைக் கேட்கிறோம், சேதாரத்தைக் கேட்கிறோம், கல்லின் எடையைக் கழித்தார்களா என்று கேட்கிறோம். தர்மத்தின் பெயரால் விற்கும் மணிமாலையை வாங்கும்போது இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: இதைத் தேய்த்தவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்? அதற்கு விடை சொல்லக்கூடிய கடையில் வாங்குவதே உண்மையான அறம். விடை தெரியாத கடைக்காரர், கம்பாத்துக்கு ஒருமுறை சென்று வரட்டும்.