ஒரு சொட்டு இரத்தம்

கொச்சியை அரபிக் கடலின் ராணி என்று புகழ்வது வழக்கம். அதே ஊரின் பெயரை ஒரு நோய்க்கும் சூட்டியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரிந்திராது. யானைக்கால் நோயை வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே சொல்லி வந்தார்கள். 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற சொல்லகராதியில் அந்தப் பெயர் இடம் பெற்றிருக்கிறது. மலையாளத்தில் இந்த நோய்க்கு ‘மந்து’ என்று பெயர். கும்பகோணம், தஞ்சாவூர், கடலூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்த தமிழர்களுக்கும் இது புதிய நோயல்ல. வீங்கிய காலோடு திண்ணையிலேயே காலத்தைக் கழித்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

இன்று இளவயதினரிடம் அந்தக் காட்சியைக் காண்பது அரிதாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நோய் குறைந்திருக்கிறது என்பது வேறு, ஒழிந்துவிட்டது என்பது வேறு. 2027-க்குள் இந்த நோயை நாட்டிலிருந்தே அகற்றுவது என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கை எட்ட வேண்டுமானால், வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளின் கதவுகள் திறக்க வேண்டும்.

பகலெல்லாம் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர்களும், கட்டட வேலைக்குப் போனவர்களும், ஓட்டலில் மேஜை துடைத்தவர்களும் அறைக்குத் திரும்பிப் பாயை விரிக்கிற நேரத்தில் சுகாதார ஊழியர்கள் வருகிறார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வேண்டும் என்கிறார்கள். உடனே விளக்கை அணைத்துப் படுத்துக் கொள்கிறவர்கள் உண்டு. பின்பக்கமாக டீக்கடைக்கு நழுவுகிறவர்களும் உண்டு. “உடம்புக்கு ஒன்றுமில்லாதவனிடம் எதற்கு ரத்தம்? அதுவும் ராத்திரியில் ஏன் வர வேண்டும்?” என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் ஊசியை மட்டும் நீட்டினால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

பதில் சிக்கலானதல்ல. யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. அது உடம்பின் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக் கணக்கில் குடியிருந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை ஈன்று தள்ளுகிறது. மனித இரத்தத்தில் இந்த நுண்புழுக்கள் இருப்பதை 1872-ல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற மருத்துவர் கண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் சீனத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடம்புக்குள் சென்று வளர்வதை எடுத்துக் காட்டினார். இந்தப் புழுவைப் பரப்பும் கொசு இரவில் கடிப்பது. நுண்புழுக்களும் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்துவிட்டு, இரவில்தான் இரத்த ஓட்டத்தில் மிகுதியாக வலம் வருகின்றன. பகலில் சோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஊழியர்கள் தங்கள் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு இரவில் வருவதற்கு இதுதான் காரணம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பதும் சரியல்ல. புழு புகுந்த பிறகு கால் வீங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அந்த மனிதர் நன்றாக உழைப்பார், நன்றாகச் சாப்பிடுவார். ஆனால் அவரைக் கடித்த கொசு, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கு நோயைக் கொண்டுபோகும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையே போதும். மாத்திரை சாப்பிட்டதும் சிலருக்கு லேசான காய்ச்சலோ தலைவலியோ வரலாம். உள்ளே புழு சாவதால் வரும் தொந்தரவு அது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் கால் பெருத்துவிட்ட பிறகு அதைப் பழையபடி ஆக்குவது மிகக் கடினம். மூட்டை தூக்கிப் பிழைப்பவனுக்குக் கால் போனால் பிழைப்பே போயிற்று. ஊரில் அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தின் கதி என்ன?

நோயை ஒழிக்கச் சர்க்கார் உத்தரவு மட்டும் போதாது என்பதற்குக் கொச்சிக்குத் தெற்கே உள்ள சேர்த்தலையே சாட்சி. அங்கே பரவியிருந்தது இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புழு. அதைப் பரப்பும் கொசுவின் குஞ்சுகள், குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதிலிருந்தே மூச்சு விடுகின்றன. எண்ணெய் தெளித்தாலும் சாவதில்லை. செடியை அகற்றினால் கொசு குறையும் என்பது 1930-களிலேயே, திருவாங்கூர் சமஸ்தான காலத்தில் எம்.ஓ.டி. அய்யங்கார் செய்த ஆராய்ச்சிகளால் தெரிந்துவிட்டது. ஆயினும் நோய் நீங்கவில்லை. ஏனென்றால் குளத்துச் சொந்தக்காரருக்கு அந்தச் செடி தென்னைக்கு உரம். உரத்தை இழக்க யார் சம்மதிப்பார்கள்?

1980-களில் புதுச்சேரியிலுள்ள கொசு ஒழிப்பு ஆராய்ச்சி நிலையத்தார் சேர்த்தலைக்கு வந்தபோது இந்த முடிச்சைப் புரிந்துகொண்டார்கள். செடியை எடுத்துவிட்டுக் குளத்தில் மீன் வளர்க்கச் சொன்னார்கள். சில மீன்கள் களையைத் தின்று வளரும். வளர்ந்த மீனை விற்றால் கையில் காசு. பள்ளிப் பிள்ளைகளையும் சங்கமாகச் சேர்த்து, வீட்டுக்கு வீடு செய்தியைக் கொண்டுபோக வைத்தார்கள். ஆராய்ச்சியாளரின் அறிவும் குளத்துக்காரரின் லாபமும் ஒரே திசையில் திரும்பியதும் காரியம் நடந்தது.

அதே நிலையத்தார் அதற்கு முன்பே, 1981 முதல் 1985 வரை, புதுச்சேரி நகரில் வேறொரு பாடம் கற்றிருந்தார்கள். அங்கே பரவியது சாக்கடைக் கொசு. அடைத்துக் கிடந்த வாய்க்கால்களைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் தேங்கும் இடங்களைச் சீர் செய்தார்கள். கொசு வெகுவாகக் குறைந்தது. திட்டக் காலம் முடிந்து கவனம் தளர்ந்ததும் கொசு மறுபடி தலையெடுத்தது. சாக்கடையைச் சுத்தம் செய்வது ஒரு முறை நடத்திக் கைகழுவும் விழா அல்ல என்பதே புதுச்சேரி தந்த பாடம்.

மட்டாஞ்சேரியின் நிலையும் புதுச்சேரியைப் போன்றதுதான். இங்கும் சாக்கடைக் கொசுவே எதிரி. பூமி தாழ்வானது. கடலில் ஏற்றம் வந்தால் கால்வாய்த் தண்ணீர் வெளியேறாமல் திரும்பி நிற்கும். ராமேஸ்வரம் கால்வாயும் கல்வத்திக் கால்வாயும் குப்பையும் சேறும் இல்லாமல் ஓடினால் கொசு பாதி ஒழியும். எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி ஆகிய நகராட்சிகளை இணைத்து 1967-ல் கொச்சி மாநகராட்சி அமைந்தது. வரி ஒன்றாக வசூலாகும்போது, துப்புரவும் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? அறைச் சொந்தக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸ், உடைந்த மூடியோடு மலத்தொட்டி என்று விட்டுவிட்டு வாடகையை மட்டும் தவறாமல் வாங்குவதைச் சுகாதார ஆய்வாளர்கள் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது.

வெளியூர்க்காரர்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. ஊர்விட்டு ஊர் போகிறவர் உடம்போடு புழுவும் பயணம் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை இன்னொருவருக்குப் பரப்பும் கொசு எங்கே பிறக்கிறது? உள்ளூர்ச் சாக்கடையில்தானே! போர்ட் கொச்சி வெளியில் துணி வெளுத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். வாத்துருத்தியில் தங்கித் துறைமுகத்துக்காகவும் நகரத்துக்காகவும் உழைத்த தமிழர்கள் எத்தனையோ பேர். இவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கொச்சி நகரம். பழி சொல்லத் தொடங்கினால் அறைக்கதவு இன்னும் இறுக்கமாகத்தான் சாத்திக் கொள்ளும்.

எனவே சுகாதாரத் துறையும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை சில உண்டு. இரவுக் குழுவோடு தமிழ் தெரிந்த ஒருவர் வர வேண்டும். வரும் நாளை முன்கூட்டியே தமிழிலும் எழுதி அறை வாசலில் ஒட்ட வேண்டும். இரத்தம் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்ல வேண்டும். புழு இருப்பதாகத் தெரிந்தால் அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லி மருந்து கொடுக்க வேண்டும். மேஸ்திரிக்கும் அறைக்காரருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமே பலரைப் பின்வாசல் வழியாக ஓட வைக்கிறது. தொழிலாளியைத் தேடி மருத்துவம் போக முடியாதா என்றால், முடியும். 2020-ல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தேசிய சுகாதார இயக்கமும் ஒரு தன்னார்வ அமைப்பும் கைகோத்து, வெளி மாநிலத் தொழிலாளர்கள் தங்கும் இடங்களுக்கே ‘பந்து’ என்ற நடமாடும் மருத்துவமனையை அனுப்பின.

தமிழர்கள் தரப்பிலும் கடமை இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாக வசூல் செய்ய முடிகிற சங்கங்கள், இரத்தச் சோதனைக்காக அறை அறையாக ஆள் திரட்ட முடியாதா? எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால், இருபது பேருடைய பயத்தைப் போக்கலாம். அண்ணாச்சி கடை வாசலில் ஒரு தட்டி வைத்தால், ஆயிரம் துண்டுப் பிரசுரத்தின் வேலையைச் செய்யும். ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்து கிடக்கவும் வேண்டாம். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு உடனே மருந்து போட்டு, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து வந்தால் காய்ச்சலும் வலியும் பெரிதும் குறையும். கருவேலிப்படி அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை.

சீனம் 2007-லும் இலங்கை 2016-லும் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டன என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக் கொண்டிருக்கிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் முடிந்த காரியம் இந்தப் பக்கம் முடியாமல் போக நியாயமில்லை. மாநகராட்சி கால்வாயைத் திறக்கட்டும். தொழிலாளி கதவைத் திறக்கட்டும். ‘கொச்சிக் கால்’ என்ற பெயர் பழைய அகராதியோடு நின்று போகட்டும்.