கோடு அலங்காரத்துக்குப் போடுறதில்லை

லைசென்ஸ் வைத்திருக்கும் நாலு பேரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நடு றோட்டில் ரெண்டு வெள்ளைக் கோடு பக்கம் பக்கமாகப் போகுது. ஒண்டு முழுக்கோடு, மற்றது துண்டு துண்டான கோடு. முந்தலாமா, முந்தக்கூடாதா? "பொலிஸ் நிக்காட்டி முந்தலாம்" என்று ஒருவராவது சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எங்கட வீதிக் கலாசாரம் முழுவதும் அந்தப் பகிடிக்குள்தான் இருக்கிறது.

சரியான பதில் கஷ்டமானதில்லை. உங்கள் பக்கமாக இருக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். அது துண்டுக்கோடு என்றால், முன்னுக்கு ஒன்றும் வராவிட்டால் முந்தலாம். முழுக்கோடு என்றால் முந்தக்கூடாது. எதிரே வருபவருக்கு அவர் பக்கக் கோடு. ரெண்டும் முழுக்கோடு என்றால் ரெண்டு பேருக்கும் இல்லை. நடுவில் ஒற்றைத் துண்டுக்கோடு மட்டும் என்றால் பார்த்து முந்தலாம், ஒற்றை முழுக்கோடு என்றால் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். அஞ்சு நிமிசத்தில் படிக்கக்கூடிய விசயம். இதைத் தெரியாமலும், தெரிந்தும் கணக்கெடுக்காமலும்தான் ஏ9 வீதியில் நூறில் பறக்கிறார்கள்.

முழுக்கோட்டைக் கனபேர் ஒரு தடையாக மட்டும் பார்க்கிறார்கள். நாங்கள் அதை ஒரு தகவலாகப் பார்க்கச் சொல்கிறோம். வளைவில், பாலத்தில், ஏற்றத்தில், சந்திக்குக் கிட்ட முழுக்கோடு கிடக்கிறது என்றால் அதன் கருத்து, "இந்த இடத்தில் உனக்கு முன்னுக்கு நடப்பது தெரியாது" என்பதுதான். சாரதியின் கண்ணுக்கு எட்டாததை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதற்காகக் கீறப்பட்ட கோடு அது. "எனக்கு நல்ல கொன்றோல் இருக்கு" என்று சொல்பவருக்கு வளைவுக்கு அங்கால வரும் டிப்பரில் கொன்றோல் இல்லை.

கணக்குப் பார்ப்போம். முன்னுக்கு ஒரு பஸ் 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது, நீங்கள் 70 இல் முந்துகிறீர்கள். பஸ்ஸின் நீளத்தையும், முன்னுக்கும் பின்னுக்கும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் முந்தி முடிக்க ஏறத்தாழ 8 விநாடி எடுக்கும். அந்த 8 விநாடியில் நீங்கள் 150 மீற்றருக்கு மேல் ஓடியிருப்பீர்கள். எதிரே ஒருவர் அதே வேகத்தில் வந்தால் அவரும் அவ்வளவு தூரம் ஓடியிருப்பார். ஆக, 300 மீற்றருக்கு மேல் றோட் வெறுமையாக இருக்க வேண்டும். வளைவில் 300 மீற்றர் எங்கே தெரிகிறது?

இனி லாபத்தைப் பார்ப்போம். முழுக்கோடு 500 மீற்றருக்குப் போகிறது என்று வையுங்கள். முந்தாமல் பஸ்ஸுக்குப் பின்னால் 50 இல் போனால் 36 விநாடி. 70 இல் போனால் 26 விநாடி. மிச்சம் பிடித்தது பத்து விநாடி! அந்தப் பத்து விநாடிக்காக எதிரே வருபவரின் உயிரையும் சேர்த்துப் பந்தயம் கட்ட உங்களுக்கு யார் உரிமை தந்தது? இந்த நாட்டில் வருசத்துக்கு 2000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். செத்த வீட்டில் போய் நின்றுகொண்டு "விதி" என்கிறோம். வீதி விதியை மீறிவிட்டுத் தலைவிதியில் பழி போடுவதுபோல வசதியான வேலை வேறில்லை.

இதற்கு முதலில் பொறுப்புச் சொல்ல வேண்டியது சாரதிப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வியாபாரம். எழுத்துப் பரீட்சைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? படத்தைப் பார், விடையைப் பாடமாக்கு. இந்தக் கோடு ஏன் இந்த வளைவில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்க நேரமும் இல்லை. பிறகு எட்டுப் போட்டுக் காட்டி, ட்ரயல் பாஸ் பண்ணி, காட் கையில் வந்தவுடன் பாடமாக்கியது எல்லாம் போய்விடும். எழுத்துப் பரீட்சை கடந்து முடிக்க வேண்டிய தடையாகிவிட்டது.

அடுத்தது, பொலிஸ். எதிரே வரும் வாகனம் லைற் அடித்துக் காட்டினால் எங்கட ஆக்கள் உடனே நல்ல பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். ஹெல்மெட் தலைக்கு ஏறும், வேகம் இறங்கும், கோடு ஞாபகம் வரும். பொலிசைத் தாண்டினதும் பழையபடிதான். தண்டத்துக்குப் பயந்து மதிக்கிற கோடு, தண்டம் இல்லாத இடத்தில் செத்துப்போகும்.

சிலர் கொஞ்சம் அரசியலாகவும் பேசுவார்கள். "சோதனைச் சாவடிக்கும் சட்டத்துக்கும் இவ்வளவு காலம் குனிஞ்சது காணாதா, இனி றோட்டிலயும் குனியவோ?" என்பார்கள். அந்தக் கோபத்தின் வரலாறு எங்களுக்கு விளங்கும். ஆனால் இங்கே அது பொருந்தாது. முழுக்கோட்டைத் தாண்டும்போது நீங்கள் எதிர்ப்பது அரசாங்கத்தை இல்லை. எதிரே வருவது ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளை, மரக்கறி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் ஐயா. நடுக்கோடு என்பது முகம் தெரியாத அந்த ஆட்களோடு நாங்கள் செய்துகொண்ட உடன்பாடு. "நான் என் பக்கத்தில் நிற்பேன், நீ உன் பக்கத்தில் பயமில்லாமல் வா."

கரைக் கோடும் அப்படித்தான். அதற்கு அங்கால இருப்பது நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் மிஞ்சிய கொஞ்ச இடம். அதற்குள் இடப்பக்கமாக வெட்டி முந்தும் மோட்டார் சைக்கிளும், சந்தியில் முண்டியடிக்கும் மினிபஸ்ஸும் இருப்பதிலேயே பலமில்லாதவரின் பங்கைப் பறிக்கின்றன. மஞ்சள் கடவையில் ஆள் காலை வைத்த பிறகும் ஹோண் அடிப்பவரைப் பற்றி என்ன சொல்ல!

அதிகாரிகளையும் விட முடியாது. யுத்தத்துக்குப் பிறகு காபெட் வீதி வந்தது, வேகம் வந்தது. கோடு அழிந்தால் திரும்பக் கீற மட்டும் ஆள் வருவதில்லை. குழாய் புதைக்கக் கிண்டிய இடத்தை மூடிவிட்டுப் போகிறார்கள், கோடு அந்த ஒட்டோடு காணாமல் போகிறது. இரவில், மழையில், லைற் இல்லாத இடத்தில் மங்கிய கோட்டை வைத்து யார் எதை வாசிப்பது? மக்கள் கோட்டை மதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் கோடு தெரிகிற மாதிரிக் கீறுங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதியானாலும் பிரதேச சபையின் வீதியானாலும் இதுதான் எங்கட கேள்வி.

ஆனால் கோடு மங்கியிருக்கு என்ற சாட்டு, பளிச்சென்று தெரிகிற இடத்தில் மீறுபவருக்குச் செல்லாது. பஸ்ஸில் இருக்கும் எங்களுக்கும் வாய் இருக்கிறது. சாரதி முழுக்கோட்டில் முந்தும்போது "நல்ல ஓட்டம்" என்று ரசிப்பதை நிறுத்துவோம். "அண்ணை, அவசரமில்லை, பின்னாலயே போங்கோ" என்று ஒரு குரல் எழும்பட்டும். பின்னால் இன்னும் நாலு குரல் சேரும். சாரதிக்குக் கோபம் வந்தால் வரட்டும், பத்து விநாடியில் ஆறிவிடும்.