சக்கை மரம் யாருக்குச் சொந்தம்?

ஹூஸ்டனில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். விசா, பிள்ளைகளின் படிப்பு, அப்புறம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு. அந்த வீட்டுப் பேச்சில் கண்டிப்பாக ஒரு மரம் வரும். கொல்லங்கோடு, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் என்றால் மாமரமும் சக்கை மரமும். குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் என்றால் மிளகுக்கொடி ஏறிய சக்கை மரம். (பலா என்று எழுதினால்தான் எல்லோருக்கும் புரியும். ஆனாலும் எங்கள் எல்லையோரத் தமிழில் அது சக்கைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"வீட்டுல ஆள் இல்ல. சக்கை விழுந்து அழுகுது. பக்கத்து வீட்டுல சத்தம் போடறாங்க. மரவியாபாரி வேற அட்வான்ஸைக் கையில வச்சிட்டு நிக்கிறார். வெட்டிடலாமா?"

போன மாதம்கூட ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. உங்களில் சிலருக்கும் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். வெட்டாதீர்கள். குத்தகைக்கும் விடாதீர்கள். அந்த மரத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர் யாரோ, அவருக்கே அதன் பழத்தை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். பாதிப் பங்கு, கால் பங்கு என்ற பேச்சே வேண்டாம். கணக்கும் கேட்க வேண்டாம்.

முதலில், ஏன் வெட்டக் கூடாது?

சக்கைக்கொட்டை போட்டு முளைத்த மரம் தாய் மரம் மாதிரியே இருக்காது. மகரந்தம் வேறு மரத்திலிருந்தும் வருவதால் ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள். பாட்டி தின்றுவிட்டுக் கொல்லையில் போட்ட கொட்டையில் வந்த வருக்கை மரம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றால், அதே சுவையில் இன்னொரு மரம் உலகத்தில் கிடையாது. அதிலிருந்து ஒட்டுக் கட்டினால்தான் உண்டு. வெட்டிவிட்டால் அந்தச் சுளையின் கதை முடிந்தது.

இது வெறும் செண்டிமெண்ட் இல்லை. கர்நாடகாவில் துமகூரு மாவட்டத்தில் சித்தப்பா என்ற விவசாயி (அது அவர் பெயர், நம்ம சித்தப்பா இல்லை :-) ) வைத்த ஒரு மரம். பழம் இரண்டரை, மூன்று கிலோதான் வரும், சுளை செம்பு நிறம். அவருடைய மகன் அந்த மரத்தை விடாமல் காப்பாற்றினார். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து, ‘சித்து’ என்று பெயர் வைத்து, 2017இல் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஒட்டுக்கன்று விற்கிற பணத்தில் 75 சதவீதம் விவசாயிக்கு. ஒரே ஒரு வீட்டு மரம்! நம் கொல்லையில் நிற்பது எப்படிப்பட்டது என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறோமா?

இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே பலா மரத்தைச் சிங்களத்தில் ‘சோற்று மரம்’ என்றே சொல்வார்கள். அரிசி கிடைக்காத காலத்தில் அது சோறு போட்டிருக்கிறது. ஆர்தர் வி. டயஸ் என்ற தோட்ட முதலாளி ஊர் ஊராகப் பலா நடச் சொல்லி இயக்கமே நடத்தி, ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா என்று பெயர் வாங்கினார். 1951ஆம் வருடச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் பலாதான். கேரளாவும் 2018 மார்ச் மாதம் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தது. அறிவிப்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்து அழுகுகிற சக்கையைப் பொறுக்க அரசாங்கம் வராதே!

சரி, குத்தகைக்கு விட்டால் என்ன? வருடத்துக்கு ஒரு தொகை வரும், தொல்லையும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம்.

கொல்லங்கோட்டுக்காரனாகச் சொல்கிறேன். பக்கத்தில் முதலமடை இருக்கிறது. ‘மாங்கோ சிட்டி’ என்று பத்திரிகைகள் எழுதும் ஊர். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் அங்கே மாமரம் சீக்கிரமே பூக்கும். மற்ற ஊர்களில் மாம்பழம் வருவதற்கு முன்பே, ஜனவரி பிப்ரவரியிலேயே இங்கிருந்து லாரி ஏறும். முந்தி வருகிற பழத்துக்கு நல்ல விலை. பல தோப்புகள் குத்தகைக்காரர் கையில். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? போட்ட பணத்தை ஒன்றிரண்டு சீசனில் எடுத்தாக வேண்டும். சீக்கிரம் பூக்க வைக்க வேரில் பேக்லோபியூட்ரசால் ஊற்றுவார்கள், பூச்சிக்கு விடாமல் மருந்து அடிப்பார்கள். அளவு மீறினால் மரம் குறுகிப்போய் நொடித்துவிடும். கேரளா 2005இல் தடை செய்த, பிறகு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடுத்து நிறுத்திய என்டோசல்பானின் கதை காசர்கோட்டோடு முடிந்ததல்ல. முதலமடைத் தோப்புகளிலும் அந்தப் பேச்சு உண்டு. பத்து வருடம் கழித்து அந்த மரம் எப்படி இருக்கும் என்பது குத்தகைக்காரரின் கவலை இல்லை. அது அங்கேயே குடியிருக்கிறவரின் கவலை.

நான் ‘பார்க்கிறவருக்கு முழுப் பழம்’ என்று சொல்வது அதனால்தான். சக்கை மரம் கேட்பது பணத்தைவிட ஆளை. என்னென்ன வேலை என்று பாருங்கள், எதையாவது வாட்ஸப்பில் செய்ய முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

1. பூக்கிற காலத்தில் சின்னச் சின்னக் கதிர்கள் கருத்து, பூஞ்சணம் பிடித்து உதிரும். பிஞ்சு கொட்டுகிறது என்று பயந்து மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அது வேலை முடிந்து விழும் ஆண் பூ. இதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மருந்துச் செலவு மிச்சம்.

2. ஒரே கிளையில் காய் நெருங்கிவிட்டால் சிலவற்றை இடிச்சக்கையாகவே பறித்துவிட வேண்டும். மிச்சம் நிற்கிற காய் நன்றாகத் திரளும். பறித்தது பொடித்தூவலுக்கு ஆகும். (எழுதும்போதே வாய் ஊறுகிறது. இங்கே கடையில் கிடைப்பது தாய்லாந்து டின்தான்.)

3. முள் அகன்று தட்டையாகி, தட்டினால் ‘பொத்து பொத்து’ என்று சத்தம் வரும்போது கயிறு கட்டி இறக்க வேண்டும். அந்த நாளை விட்டால் வெடித்து ஓட்டின் மேல் விழும், ஈ மொய்க்கும்.

4. சீசன் முடிந்ததும் பட்ட கிளை, கூரைமேல் சாயும் கிளை இரண்டையும் கவாத்து பண்ண வேண்டும். காய் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும்தான் பிடிக்கும் என்பதால், இளம் மரத்தை உயரம் போகவிடாமல் கைக்கு எட்டும்படி வளர்க்கலாம். கிழ மரத்தை ஒரேயடியாக மொட்டையடிக்கக் கூடாது.

5. வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. இப்போது முற்றம் முழுக்க இன்டர்லாக் கட்டை பதிக்கிற மோகம் வந்திருக்கிறது. அடிமரத்தை ஒட்டிப் பதிக்காமல் சுற்றிலும் மண் தெரிய விடச் சொல்லுங்கள்.

இடுக்கிப் பக்கம் இன்னொரு வேலை சேரும். பழுத்த சக்கை வாசனை யானைக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். சின்னக்கானல் பக்கம் சுற்றும் ஒரு கொம்பனுக்குச் ‘சக்கக்கொம்பன்’ என்றே ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்து அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் நகரத்துக்குள் வந்து நின்றதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். யானை நடமாடும் இடத்தில் பூட்டிய வீட்டுக் கொல்லையில் சக்கை பழுத்துக் கிடந்தால், ஆபத்து ஹூஸ்டனில் இருக்கும் நமக்கு இல்லை. விடியக்காலை ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும் பக்கத்து லயத்துப் பெண்களுக்குத்தான். அங்கே காய் பழுக்கும் முன்னே இறக்கியாக வேண்டும். இறக்குகிறவருக்கு அதில் ஒரு லாபம் இல்லாமல் யார் ஏறுவார்கள்?

என் மனைவியின் வீடு வண்டன்மேட்டுப் பக்கம். மாமனார் கோயம்புத்தூருக்கு வந்த பிறகு ஆறு வருடமாகப் பூட்டித்தான் இருக்கிறது. மூன்று சக்கை மரம், மூன்றிலும் மிளகுக்கொடி. பக்கத்தில் இருக்கும் ஒரு ஏலத்தோட்டத் தொழிலாளி குடும்பத்திடம் மாமனார் சொன்னது ஒரே வார்த்தை: "சக்கையும் மிளகும் உங்களது, மரம் மட்டும் நிக்கணும்." போனில் அந்த அக்கா என் மனைவியிடம் பேசும்போது "நம்ம மரம்" என்றுதான் சொல்வார். முதலில் எனக்கு அது ஒரு மாதிரி கேட்டது. இப்போது அந்த ‘நம்ம’வில்தான் மரம் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கேதான் எல்லோருக்கும் வரும் பயம். "பழத்தைக் கொடுத்தா நாளைக்கு இடத்தையும் கேப்பாங்களே?"

நியாயமான பயம்தான். ஆனால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி, சொந்தக்காரருக்கு எதிராக, வெளிப்படையாக, 12 வருடம் தொடர்ந்து இடத்தை அனுபவித்தவர்தான் எதிரிடை அனுபவ உரிமை கோர முடியும். நீங்கள் அனுமதி கொடுத்து ஒருவர் நுழைந்தால் அது எதிரிடை ஆகாது. ஆகவே ஒரு வெள்ளைத் தாளில், இன்னாரை இன்ன மரத்தின் காய் பறிக்கவும் பராமரிக்கவும் அனுமதிக்கிறேன், இடத்தில் வேறு உரிமை இல்லை என்று தேதி போட்டு இருவரும் கையெழுத்து போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். யாரையும் விடாமல் பூட்டிப் போட்டு, யாரோ தானாக நுழைந்து வருடக்கணக்கில் அனுபவிப்பதைவிட இது உங்களுக்குப் பாதுகாப்பு.

"கணக்குகூடக் கேட்கக் கூடாதா, ரொம்ப ஓவரா இருக்கே" என்றார் அந்த நண்பர். அவரிடம் நான் கேட்டது இது. 2021 பிப்ரவரியில் இங்கே மைனஸ் 10 டிகிரி வரை இறங்கியதே, அந்த வாரம் உங்கள் தொட்டி மாமரம் எப்படிப் பிழைத்தது? கரண்ட் இல்லாத ராத்திரியில் நீங்களும் உங்கள் பையனும் அதைக் கராஜுக்குள் தூக்கி வைத்துக் கம்பளி சுற்றினீர்கள். வெளியே நின்ற எலுமிச்சையும் மாவும் கருகிப்போயின. அந்தத் தொட்டியை வாங்கிக் கொடுத்தவர் வேறு ஊரில் இருந்துகொண்டு, காய்த்த நாலு மாங்காயில் இரண்டு தரவேண்டும் என்று கேட்டிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டியது மூன்றுதான். பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல ஒட்டுக் கட்டுகிறவரைப் பிடித்து உங்கள் மரத்திலிருந்து நாலைந்து கன்று எடுக்கச் சொல்லுங்கள், அதில் ஒன்றை அந்தப் பக்கத்து வீட்டிலேயே நடுங்கள். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், ஒட்டு மூன்று நாலு வருடத்திலேயே காய்க்கும். மூன்றாவதாக, மரவியாபாரியின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு சீசனில் நீங்கள் ஊருக்குப் போனால் ஒரு சக்கை கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். கொடுக்காமலா போவார்கள்?