ஆப்பிள் அப்பமும் சைடர் பாகும்

சென்ற மாதம் அன்னை ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே வாழும் மகள் வீட்டிற்கு அவரும் கணவரும் சென்றிருந்தனர். அக்டோபர் மாதம், அங்கே ஆப்பிள் அறுவடைக் காலம். தந்தைக்கென்று மகள் ஆசையோடு 'ஆப்பிள் பை' சுட்டு வைத்தாள். பரிமாறும்போது, "இதில் சைடர் சேர்த்திருக்கிறேன் அப்பா" என்றாள். அவர் தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டார். குடியை விட்டு அவருக்குப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. "மகளின் முகம் வாடிற்று. அவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் செய்தது சரிதானா? அந்தப் பண்டத்தை அவர் உண்ணலாமா, கூடாதா?" என்று கேட்கிறார் அன்னை.

உள்ளே இருப்பது இன்னதெனத் தெரியாத நிலையில் தட்டை நகர்த்தியது சரியே. ஆயினும் மகள்மீதும் பிழையில்லை. பிழையெல்லாம் 'சைடர்' என்னும் அந்தச் சொல்லின்மீதே.

இங்கிலாந்தில் சைடர் என்றால் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. அங்கிருந்து குடியேறியவர்களே வடகிழக்கு அமெரிக்காவுக்கு ஆப்பிளைக் கொண்டு சென்றனர். சைடரும் அவர்களோடு சென்றது. அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் காலை உணவுக்கு முன்னரே ஒரு குவளை சைடர் அருந்தும் வழக்கமுடையவர் என்றால், அது எவ்வளவு சாதாரணப் பானமாக இருந்தது என்பது விளங்கும். பின்னர் மதுவிலக்கு இயக்கம் வலுத்தது. 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்குச் சட்டமே நடப்பிலிருந்தது. இன்று அந்நாட்டில் வெறுமனே சைடர் என்று சொன்னால், ஆப்பிளை அரைத்துப் பிழிந்து, தெளிய வடிக்காமல் விட்ட பழுப்பு நிறச் சாற்றையே குறிக்கும். புளித்ததை 'ஹார்ட் சைடர்' என்று அடைமொழி சேர்த்தே வழங்குவர். ஒரே சொல், கடல் கடந்ததும் பொருள் மாறிற்று.

மகள் பயன்படுத்தியது எது? மடலில் அது இல்லை. பழக்கடையில் வாங்கிய சாதாரணச் சைடராயின் தந்தை தயக்கமின்றி உண்ணலாம். ஹார்ட் சைடராயின் வேண்டாம். "அடுப்பில் வைத்தால் மதுவெல்லாம் ஆவியாகிவிடுமே" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. கலவையில் சேர்த்து ஒரு மணி நேரம் சுட்ட பண்டத்திலும் ஏறக்குறையக் காற்பங்கு மது எஞ்சி நிற்கும் என அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை காட்டுகிறது. அளவு சிறிதென்று நாம் எண்ணலாம். பதினொரு ஆண்டு காத்தவர் அப்படி எண்ண வேண்டியதில்லை.

இனிச் சமையலுக்கு வருவோம். நியூ இங்கிலாந்து எனப்படும் அவ்வட்டாரத்துப் பண்ணை வீடுகளில் புளிக்காத சாற்றை மணிக்கணக்காகக் காய்ச்சி, ஏழில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, கரும்பழுப்பான பாகாக எடுத்து வைப்பது பழைய வழக்கம். சர்க்கரை விலை மிகுந்திருந்த காலத்தில் அவர்களுக்கு இதுவே இனிப்பு. வெர்மாண்ட் மாநிலத்தில் 1882-ஆம் ஆண்டிலேயே இப்பாகை விற்பனைக்குக் காய்ச்சத் தொடங்கிய ஆலையும் உண்டு. நம் ஊரில் பதநீரைக் காய்ச்சுவதை அறிந்தோருக்கு இதன் பக்குவம் சொல்லாமலே விளங்கும். ஆனால் இது வெறும் இனிப்பன்று. ஆப்பிளின் புளிப்பும் சேர்ந்தே சுண்டுவதால் நாவில் சுருக்கென்று நிற்கும்.

ஒரு லிட்டர் சாற்றை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் சுமார் 150 மில்லி ஆகும்வரை காய்ச்சுக. கடைசிப் பத்து நிமிடம் அருகிலேயே நிற்க வேண்டும். கண்ணிமைப்பதற்குள் அடிப்பிடித்துக் கசந்துவிடும்.

மேலோட்டுக்கு 300 கிராம் மைதா, 225 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, ஆறேழு மேசைக்கரண்டி பனிக்கட்டி நீர். வெண்ணெய் கட்டியாகக் குளிர்ந்திருக்கவேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைவதே நம்மவர் செய்யும் தவறு. பட்டாணி அளவுத் துண்டுகளாக வெண்ணெய் மாவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சூட்டில் அவை உருகி, நீர் ஆவியாகி எழும்போதுதான் மாவு அடுக்கடுக்காகப் பிரிந்து பொரபொரப்பாகும். பிசைந்து மிருதுவாக்கினால் ஓடு தோல்போல் இழுபடும். இரு உருண்டைகளாக்கி ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும்.

ஒன்றேகால் கிலோ ஆப்பிளைத் தோல் சீவி மெல்லிய துண்டுகளாக்கவும். புளிப்பும் உறுதியும் உள்ள பழமே நல்லது. அங்கே நார்தர்ன் ஸ்பை என்னும் வகையைப் போற்றுவர், பச்சை நிறக் கிரானி ஸ்மித்தும் ஏற்றதே. மெக்கின்டாஷ் மணக்கும், ஆனால் குழைந்துவிடும். இத்துடன் 80 மில்லி சைடர் பாகு, 100 கிராம் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி மைதா, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், சிறிது சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்கவும். ஓர் உருண்டையைத் தேய்த்து 23 சென்டிமீட்டர் தட்டில் விரித்து, பழத்தைக் குவித்து, மற்றொன்றால் மூடி, ஓரங்களை அழுத்தி, மேலே நான்கைந்து கீறல்கள் இடுக. ஆவி வெளியேற வழி வேண்டுமல்லவா? ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம், பிறகு 190 டிகிரிக்குக் குறைத்து நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடம். கீறல்கள் வழியே சாறு கெட்டியாகக் கொதிப்பது தெரிந்தால் வெந்துவிட்டது. உடனே வெட்டினால் சாறு ஓடிவிடும். நான்கு மணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

வெர்மாண்ட் மக்களுக்கு இப்பண்டத்தின்மேல் எவ்வளவு பற்று என்றால், 1999-இல் சட்டமியற்றி இதை மாநிலப் பண்டமாகவே அறிவித்தனர். பரிமாறும்போது ஒரு குவளை குளிர்ந்த பாலோ, அரை அவுன்ஸுக்குக் குறையாத செடார் பாலாடைக்கட்டியோ, வெனிலா ஐஸ்கிரீமோ உடன் வைக்க மனமார முயல வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு! முயலாதவருக்குத் தண்டனை ஏதும் இல்லை.

மடல் எழுதிய அன்னைக்கு இன்னும் ஒன்று. அடுத்த முறை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சாற்றுப் புட்டியைத் தந்தையின் கையில் கொடுத்து, மேலுள்ள எழுத்தை அவரே படித்துப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் வேண்டாமென்றால் வற்புறுத்த வேண்டாம். அமீலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி 1796-இல் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலில் ஆப்பிள் பைக்குச் சைடரே சேராத ஒரு முறை உண்டு. எலுமிச்சைத் தோலும், பட்டையும், சாதிபத்திரியும், சர்க்கரையும், நம் வீட்டு விழாக்களில் தெளிக்கும் பன்னீரும் சேர்த்தால் போதும். அதை மகள் சுட்டுக் கொடுக்கட்டும்.