பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போயிடுச்சு... அந்த ஒரு வருஷத்தை என்ன செய்யப் போறோம்?

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருக்கா? அப்படின்னா உங்களுக்கு ஒரு வருஷம் திரும்பக் கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோதே, 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என வரிசையாக மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதிக் களைத்த பிள்ளைகளைப் பார்த்த பெற்றோர், 'அப்பாடா' என்று மூச்சு விட்டிருப்பார்கள்.

ஆனால், கிடைத்த அந்த நேரத்தை எதை வைத்து நிரப்பப் போகிறோம்?

இந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2017-க்கு முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடம் என்பது பெயருக்குத்தான். ஒரே பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். மார்க் வந்தது. நீட், ஜே.இ.இ மாதிரியான தேர்வுகளில் பிளஸ் ஒன் கேள்விகள் வந்தபோது பிள்ளைகள் விழித்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பொதுத்தேர்வைக் கொண்டு வந்தார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று 2018-லேயே சொல்லிவிட்டதால், அடுத்து வந்த வருடங்களில் பிளஸ் ஒன் தேர்வு பாஸ் பண்ணுவதற்கான சடங்காகிவிட்டது.

இப்போது கடிவாளம் போய்விட்டது. "எங்க ஸ்கூல்ல ஜனவரியிலயே பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பிச்சுடுவோம்" என்று பெருமையாகச் சொல்லும் பள்ளிகளுக்கு இனி தடையில்லை. நாமும் அதைக் கேட்டு சந்தோஷப்படுகிறோமே, அதுதான் பிரச்னை.

மண்வெட்டியும் போட்டோவும்

பதினாறு, பதினேழு வயதில் பாடத்துக்கு வெளியே பள்ளி தரக்கூடிய நல்ல வாய்ப்புகளில் ஒன்று என்.எஸ்.எஸ் எனும் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. வருஷத்துக்கு 120 மணி நேரம் என இரண்டு வருஷத்தில் 240 மணி நேரப் பணி, ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். இதுதான் கணக்கு.

முகாம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பேனர், தொடக்க விழா, பொன்னாடை, கோயில் வளாகத்தில் புல் வெட்டுதல், மரக்கன்று நடுதல், குரூப் போட்டோ. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் கன்று காய்ந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "படிக்கிற பையன் கையில எதுக்கு சார் மண்வெட்டி?" என்று கேட்கிற அப்பாவை முழுசாகக் குறை சொல்ல முடியாது. உழைப்பு கேவலம் என்பதல்ல விஷயம். பிள்ளை அங்கே எதையும் யோசிக்கவில்லை, சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான்.

அதே ஏழு நாளை வேறு மாதிரி யோசியுங்களேன். டெங்கு கொசு தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உயிரியல் குரூப் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் எந்த வீட்டுத் தொட்டியில் புழு இருக்கிறது என்று குறித்து, ஏழாம் நாள் திரும்பவும் பார்த்தால், புத்தகத்துப் பாடம் கண்முன் நெளியும். வணிகவியல் பிள்ளைகள் மகளிர் குழுக் கடனுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கும் வட்டி எவ்வளவு வித்தியாசம் என்று அக்காக்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

இன்னொன்று. இந்த முகாம்கள் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி வருகின்றன. அக்டோபர் 2 அன்று கிராம சபை. எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் எடுத்த கணக்கை அந்தச் சபையில் ஊர்க்காரர் ஒருவர் படித்தால்கூடப் போதும். இரண்டு வருஷத்தில் ஓட்டுப் போடப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல குடிமையியல் வகுப்பு எது?

காலியாக விட்டால்...

'மார்க் முக்கியம், இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தோன்றலாம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, கூடப் படித்தவர்களே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது என்ற பரிந்துரை பரவலாக விவாதிக்கப்பட்டது. எல்லாச் சாதி மாணவர்களும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' வேண்டும் என்ற பரிந்துரையை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

கயிற்றை அவிழ்த்துவிடலாம். இந்த வயதுப் பிள்ளைக்கு 'நம்ம செட்டு' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பள்ளி அதைக் கொடுக்கவில்லை என்றால் தெருமுனையில் அதைக் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதுதான் என் பயம். அரசுப் பள்ளிகளில் 2024-ல் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பெயரில் மாணவர் குழுக்களைத் தொடங்கியது இந்த வகையில் நல்ல யோசனை. பிளஸ் ஒன் வந்ததும் 'நீ பெரிய கிளாஸ், படி' என்று ஒதுக்காமல் இருந்தால் சரி.

நீங்கள் கேட்கலாம்

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவரோடு சேர்த்து இதையும் எழுப்புங்கள்: "பிளஸ் ஒன்னுக்கு வாரத்துல எத்தனை பீரியட் மன்றத்துக்கு? முகாம்ல என்ன செய்யணும்னு பசங்ககிட்ட கேட்டீங்களா?" தனியார் பள்ளி என்றால் பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, பிளஸ் ஒன் பாடம் முழுசாக நடக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

முகாமுக்கான சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடும் முன் 'சாப்பாடு எப்படி, எங்கே தங்கல்?' என்று கட்டாயம் கேளுங்கள், பெண் பிள்ளை என்றால் கூடத் தங்கும் டீச்சர் யார் என்றும். ஏழு நாள் கழித்துத் திரும்பி வந்ததும், 'போர்ஷன் எவ்வளவு போச்சு?' என்று ஆரம்பிக்காமல், அந்த ஊரில் யார் வீட்டில் சாப்பிட்டாய், யாரோடு பேசினாய் என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசினாலும் பேசும்.