விசைப்பலகையால் வந்த வினை

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, 'ஏ எஸ் டி எஃப்' தட்டிப் பழகி, அதைக் கொண்டே ஊர் விட்டு ஊர் வந்து குமாஸ்தா ஆனவர்கள் நம்மவரில் ஏராளம். அதே எழுத்து வரிசை அமெரிக்காவில் ஒரு கால்குலேட்டரைப் பரீட்சை ஹாலின் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி 1995-ல் மாணவர்களுக்கென்று வெளியிட்ட டிஐ-92 என்ற கருவிதான் அது. சட்டைப் பையில் அடங்காது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அகலமான திரை, கீழே டைப்ரைட்டரில் உள்ளது போலவே எழுத்துகள். சமன்பாட்டைக் கொடுத்தால் கிராப் போடும். அதோடு நிற்காமல் அல்ஜீப்ராவும் செய்யும். வகையீடு, தொகையீடு இவற்றின் விடையை எண்ணாக அல்ல, எழுத்துக் கோவையாகவே தரும். இதற்கான ஞானம் ஹவாய்த் தீவில் பிறந்த 'டிரைவ்' புரோகிராமிலிருந்து வந்தது.

எல்லாவற்றிலும் அருமையானது பிரான்சிலிருந்து வந்த 'கப்ரி' என்ற வடிவியல் பகுதி. திரையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் நடுக்கோடுகளையும் போட்டுவிட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் எப்படி எப்படியோ கோணும். ஆனால் மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திப்பது மட்டும் மாறாது. வாத்தியார் கரும்பலகையில் பத்துப் படம் போட்டாலும் இந்தத் தெளிவு வருமா என்பது சந்தேகமே.

அதே 1995-ல்தான் அங்குள்ள கல்லூரி வாரியம், ஏ.பி. கால்குலஸ் பரீட்சைக்குக் கிராப் கால்குலேட்டர் கட்டாயம் என்றது. ஆனால் டைப்ரைட்டர் விசைப்பலகை உள்ள கருவி கூடாது என்பதும் அதன் விதி. கேள்விகளை மளமளவென்று தட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்! ஆக, காசு போட்டு வாங்கி, வருஷம் முழுக்கப் பழகிய கருவியை வீட்டில் வைத்துவிட்டு, வேறொன்றை இரவல் வாங்கிக்கொண்டு பையன் பரீட்சைக்குப் போக வேண்டும்.

1998-ல் அதே கம்பெனி டிஐ-89 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே அல்ஜீப்ரா, அதே வகையீடு, உள்ளே அதே மோட்டரோலா 68000 சில்லு. வெளித்தோற்றம் மட்டும் சாதாரணக் கால்குலேட்டர். அதை அதே வாரியம் அனுமதித்தது! அதிலும் எழுத்துகளைத் தட்டலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏ.சி.டி. என்ற இன்னொரு பரீட்சை நடத்துவோர் அல்ஜீப்ரா செய்யும் கருவி எதுவாயினும் ஆகாது என்று டிஐ-89-ஐயும் தடுத்தார்கள். கடுமைதான், ஆனாலும் நியாயம் இருக்கிறது. மாணவன் தன் மூளையால் செய்ய வேண்டியதைக் கருவி செய்துவிடக் கூடாது என்பது புரிகிற பேச்சு. உள்ளே இருப்பதை விட்டுவிட்டு மேலே உள்ள பொத்தான்களை எண்ணுவது என்ன பரிசோதனை? டிக்கெட்டைப் பார்க்காமல் பெட்டியின் அளவைப் பார்த்துப் பிரயாணியை இறக்கிவிடுவது போலத்தான்.

கம்பெனியும் லேசில் விடவில்லை. 2002-ல் 'வாயேஜ் 200' என்ற பெயரில் டிஐ-92-க்கு ஒரு வாரிசைக் கொண்டுவந்தது. அதிலும் அதே விசைப்பலகை. அதற்கும் அதே தடை.